ஒரு கண்ணாடி, இரண்டு குழாய்

பணம்பூர், மங்களூர்
12-11-1978

அன்புள்ள திரௌபதிக்கு,

கண்ணாடி பத்திரமாக வந்து சேர்ந்தது. ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த அம்மாள் சம்படத்தில் என்ன பலகாரம் என்று கேட்டாள். கண்ணாடி என்றேன். முகம் பார்க்கவா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன் பழைய வாயில் புடவையில் மூன்று சுற்று சுற்றி வைத்திருந்ததால் ஒரு கீறல் இல்லை.

துறைமுகத்தில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இவர் ஐந்தடிக்கு வெட்டி, உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்துத் தயாராக வைத்திருந்தார். உன் மாடியில் இருக்கும் தகரக் குழாயைவிடக் கனம் கம்மி. அடியில் கண்ணாடியைப் பொருத்தியதும் டெலஸ்கோப் ஆகிவிட்டது. பொருத்தும்போது இவர் கேட்டார்: "ஒரே கண்ணாடி, ரெண்டு குழாய். இதுல உன் பங்கு எது, அவ பங்கு எது?"

வேலூர் ஹாஸ்டல் பின்பக்கம் எண்ணெய் பீப்பாய் மேல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து மூன்று மாதம் நாம் இரண்டு பேரும் இந்தக் கண்ணாடியைத் தேய்த்ததைச் சொன்னேன். நமக்கு இதைக் கற்றுக்கொடுத்த சக்கரவர்த்தி சார் மெட்ராஸிலிருந்து மாதம் ஒரு முறை வந்து பார்த்து, இன்னும் தேயுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதையும் சொன்னேன். கண்ணாடியைப் பிரிக்க முடியாது, அதனால் வருஷத்தைப் பிரித்திருக்கிறோம் என்றேன். தீபாவளியிலிருந்து சித்திரை ஒன்றாம் தேதி வரை எனக்கு. மற்ற மாதங்கள் உனக்கு. இங்கே ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை விடாது என்பதால் எனக்கு நஷ்டம் இல்லை.

உனக்கு மேற்கே மலை. அந்தி வானத்தில் கீழே ஒரு சாண் உயரம் உனக்குத் தெரியாது. அதனால் நீ விடியற்காலையில் கிழக்கைத் தேடுகிறாய். எனக்கு மேற்கே கடல், தண்ணீர் தொடும் வரை வானம். வால் நட்சத்திரங்கள் சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் பளிச்சென்று ஆகின்றன, விடியலில் ஒருத்தியும் அந்தியில் ஒருத்தியும் நின்றால் தப்பிக்க வழியில்லை என்று நீ சொன்னதை இவரிடம் சொன்னேன். "போலீஸ்காரங்க மாதிரி பேசறீங்க" என்கிறார்.

புதிதாக ஒன்று கிடைத்தால் கண்டுபிடித்தவர் பெயரையே வைப்பார்கள், அதில் நம் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும். யார் பெயர் முதலில் என்று நாம் இன்னும் பேசவில்லை. உன்னுடையதே முதலில் இருக்கட்டும். கார்த்திகை தீபத்துக்கு வர முடியாது. உன் அம்மாவிடம் சொல்லிவிடு, கோபித்துக்கொள்வார்.

அன்புடன்,
மணியம்மாள்


திருவண்ணாமலை
16-2-1979

அன்புள்ள மணி,

உன் கடிதம் நேற்று வந்தது. மீன ராசியில் நீ பார்த்துத் தந்தி கொடுத்தது வால் நட்சத்திரம் அல்ல, இருநூறு வருஷமாகப் பட்டியலில் இருக்கும், நகராத நெபுலா என்று வால் நட்சத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் அமெரிக்க ஆபீசிலிருந்து மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். கடல் காற்றின் ஈரத்தில் நட்சத்திரப் படப் புத்தகத்தின் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, அந்தப் பக்கத்தை நீ பார்க்கவே இல்லை. புரிகிறது. உனக்கு அங்கே அத்துடன் முடிந்துவிட்டது. எனக்கு இங்கே முடியவில்லை.

இரண்டு பேர் பெயரிலும் தந்தி போன சந்தோஷத்தில் உன் அண்ணன் ராமதாஸ் கடைத்தெருவில் சொல்லிவிட்டார். அது ஒரு பத்திரிகைக்காரர் காதுக்குப் போய், 'திருவண்ணாமலை ஆசிரியை கண்ட புதிய வால் நட்சத்திரம்' என்று நான்காம் பக்கத்தில் வந்தது. மறுப்பு எந்தப் பக்கத்திலும் வரவில்லை. நான்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மறுப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியை ஜோதியம்மாள் நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வரை காத்திருந்து, "என்னம்மா, வாலு ஆப்டுச்சா?" என்றார். ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் வால் வைத்த டீச்சர் படம் ஒன்று இருந்தது. நன்றாகவே வரைந்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடி அப்படியே என்னுடையது.

கோபம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினாலும் கொஞ்சம் பொய். இனிமேல் ஒரு விதி வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுத் தந்தி கூடாது. நகர்கிறதா என்று இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் பார்த்தவள் அன்றைக்கே மற்றவளுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் அமெரிக்காவுக்கு.

மழை இல்லை, கிணறு கீழே போய்விட்டது. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
திரௌபதி


பணம்பூர்
10-4-1979

அன்புள்ள திரௌபதிக்கு,

சித்திரை பிறக்கப்போகிறது, கண்ணாடியை அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ சொன்ன விதியைப் படப் புத்தகத்தின் முதல் தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். மற்ற தாள்களுக்கு நடுவில் குழந்தை பவுடர் தூவியிருக்கிறேன். இனி ஒட்டாது.

வாலுக்கு மன்னிப்பு. நான் உன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் அந்தப் படத்தை நான்தான் வரைந்திருப்பேன்.

அன்புடன்,
மணி


பணம்பூர்
19-10-1983

அன்புள்ள திரௌபதிக்கு,

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. சின்னவனுக்குத் தட்டம்மை. பெரியவளுக்கும் வரும் என்று டாக்டர் தைரியமாகச் சொல்கிறார்.

கண்ணாடிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் அண்ணன் மங்களூர் மெயிலில் டிக்கெட் பரிசோதகர். நவம்பர் 3, வியாழக்கிழமை, தீபாவளிக்கு முதல் நாள், காட்பாடி வழியாக வருகிறார். நீ பாசஞ்சர் ரயிலில் காட்பாடி போய் அவர் கையில் கொடுத்துவிட்டால் மறுநாள் எனக்கு வந்துவிடும். உயரமாக இருப்பார், முன்வழுக்கை. ஐந்து நிமிஷம்தான் வண்டி நிற்கும், சீக்கிரமே போய் நில்.

மழை விட்டு வானம் கழுவி விட்டதுபோல் இருக்கிறது. குழாயை வெயிலில் வைத்துக் காய வைத்துவிட்டேன். நீ இந்த வருஷம் எத்தனை மணி நேரம் தேடினாய்? போன வருஷம் நான் தொண்ணூற்றாறு.

அன்புடன்,
மணி


திருவண்ணாமலை
5-11-1983

அன்புள்ள மணி,

குழந்தைகளுக்கு எப்படி இருக்கிறது? வேப்பிலை கிடைக்கிறதா அங்கே?

காட்பாடிக்குப் போக முடியவில்லை. கண்ணாடியை எடுத்து வைக்கும்போது பார்த்தால் அலுமினியப் பூச்சு ஓரத்தில் உரிந்திருந்தது. இப்படியே உனக்கு அனுப்ப மனமில்லை. புதிதாகப் பூசச் சொல்லி சக்கரவர்த்தி சாருக்கு மெட்ராஸுக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன். அவருக்கு வேலை ஜாஸ்தி, நாளாகும் என்று நினைக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன். கண்ணாயிரம் அவர்களிடம் வருத்தம் சொல்.

இந்த வருஷம் எண்பத்தெட்டு மணி நேரம்.

அன்புடன்,
திரௌபதி


பணம்பூர்
16-11-1983

அன்புள்ள திரௌபதிக்கு,

பெரியவளுக்கும் வந்து இறங்கிவிட்டது. இருவரும் இப்போது ஒருவரையொருவர் அடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

பூச்சுப் போனால் என்ன செய்வது, நீ செய்தது சரிதான். கண்ணாயிரம் அண்ணனுக்குத்தான் மனக்குறை. "உங்க ஃபிரெண்டு வரவே இல்லியேம்மா. டீ கூட குடிக்காம படியிலயே தொங்கிக்கினு இருந்தேன்" என்றார். ஒரு தந்தி கொடுத்திருந்தால் டீ குடித்திருப்பார். அடுத்த முறை அவருக்கு உன் அம்மா செய்யும் அதிரசம் நாலு அனுப்பு.

வெறும் குழாயைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. சின்னவன் அதற்குள் பந்தைப் போட்டு விளையாடுகிறான்.

அன்புடன்,
மணி


பணம்பூர்
8-12-1983

அன்புள்ள திரௌபதிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று சக்கரவர்த்தி சாருக்கு நானே ஒரு கார்டு போட்டேன். இன்று பதில் வந்தது. கண்ணாடி எதுவும் தனக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் வழியில் தொலைந்திருக்கிறது.

நீ உன்னையே திட்டிக்கொண்டு உட்காராதே. பார்சல் ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு போய் எழுதிக் கொடு. நானும் இங்கிருந்து எழுதுகிறேன். கிடைக்காவிட்டால் இன்னொன்று தேய்ப்போம். மே மாத விடுமுறைக்கு வருகிறேன், உன் வீட்டுப் பின்பக்கம் பீப்பாய் வைத்துக்கொள்ளலாம். அப்போது மூன்று மாதம் ஆயிற்று, இப்போது நமக்கு விஷயம் தெரியும், ஒன்றரை மாதத்தில் முடித்துவிடலாம். கண்ணாடிதானே திரௌபதி. கையும் காலும் இருக்கிறது நமக்கு. அழாதே.

அன்புடன்,
மணி


திருவண்ணாமலை
14-12-1983

மணி,

கண்ணாடி தொலையவில்லை. மெட்ராஸுக்குப் போகவும் இல்லை. என் மாடியில் குழாய்க்குள்ளேயே இருந்தது, இப்போதும் இருக்கிறது. பூச்சில் ஒரு குறையும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நவம்பர் 1, செவ்வாய், காலை 4.50. கன்னி ராசியில் மங்கலாக ஒரு பொட்டு. புத்தகத்தில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தாள்களை விரலால் பிரித்து மூன்று முறை பார்த்தேன். 2-ஆம் தேதி மேகம். 3-ஆம் தேதி, வியாழன், காலை 4.55. அந்த இடம் காலி. கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் கீழே, சூரியன் பக்கமாக, அதே பொட்டு, இன்னும் கொஞ்சம் பளிச்சென்று. நகர்ந்துவிட்டது. இரண்டாம் முறையும் பார்த்தாயிற்று.

நம் விதிப்படி அன்றே உனக்குத் தந்தி கொடுத்திருக்க வேண்டும். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தந்தி ஆபீசுக்குப் போனேன். இரண்டு படிவம் வாங்கினேன். ஒன்றில் உன் விலாசம் எழுதினேன், கிழித்துவிட்டேன். சாயங்காலம் காட்பாடிக்குப் போய்க் கண்ணாடியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டால் மறுநாள் காலை பார்க்க முடியாது. இன்னும் ஒரே ஒரு காலை என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மறுநாள் தீபாவளி. நாலு மணிக்கே ஊர் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போட்டது. கிழக்கே கூரைகளுக்கு மேல் ஒரே புகை. அதற்குப் பிறகு எட்டு நாள் மழை. பிறகு வானம் தெளிந்தபோது அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. தீபத்தன்று என் மாடி நிறையச் சொந்தக்காரர்கள், மலையைப் பார்த்துக்கொண்டு. குழாயைச் சாக்குப் போட்டு மூடி மூலையில் சாய்த்திருந்தேன். உன் அண்ணனும் வந்திருந்தார். அதன் மேல் கையை ஊன்றி நின்றுதான் தீபத்தைப் பார்த்தார். அவர் இறங்கிப் போகும் வரை நான் மலைப் பக்கம் திரும்பவில்லை.

10-ஆம் தேதி பேப்பரில் நாலு வரிச் செய்தி. டிசம்பர் 5-இலும் 6-இலும் அந்தி வானத்தில் புதிய வால் நட்சத்திரம், ஆஸ்திரேலியாவில் ஒருவரும் ஜப்பானில் ஒருவரும். என் இரண்டு இடங்களையும் சேர்த்துக் கோடு போட்டு நீட்டினால் அங்கேதான் போகிறது. காலையில் என் பக்கம் இருந்தது, சூரியனைத் தாண்டி அந்தியில் உன் பக்கம் வந்தது. கண்ணாடி உன்னிடம் இருந்து, எங்கே தேடுவது என்றும் நான் சொல்லியிருந்தால், நீ அவர்களுக்கு ஒரு வாரம் முன்னால் பிடித்திருப்பாய். எனக்கு மலை மறைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் அடிஅண்ணாமலைக்குக் குழாயைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அது கிழக்கிலேயே திரும்ப வரும் என்று காத்திருந்தவளுக்கு அது தோன்றவில்லை.

இதுவரை படித்தால், 1979 மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் செய்தேன் என்று நீ நினைப்பாய். நானும் ஒரு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. இரண்டாவது படிவம் இதனுடன் இருக்கிறது. அமெரிக்க விலாசம், இரண்டு தேதிகள், நேரம், இடம். பெயர் எழுதும் இடத்தைப் பார். ஒரு பெயர்தான் இருக்கிறது. மூன்றாவது காலை பார்த்துவிட்டு அனுப்புவதாக இருந்தேன்.

உன் 8-ஆம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அது வராவிட்டால் இதை எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

திரௌபதி


பணம்பூர்
5-3-1984

திரௌபதிக்கு,

உன் கடிதம் டிசம்பர் 19-ஆம் தேதி வந்தது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் குழந்தைகளோ வீட்டு வேலையோ காரணம் இல்லை.

டிசம்பர் 1 முதல் 9 வரை இங்கே மேகமே கிடையாது. தினமும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் சும்மா நின்றேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி இருந்தால் தெரிந்திருக்கும். அதை நான் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். தொலைந்துவிட்டது என்று நம்பி உனக்கு ஆறுதல் எழுதினேனே, அதை மறப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. எழுதும்போது அழுதேன். இவர் பார்த்துவிட்டு, "ஊர்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

உன் படிவத்தை ஜனவரியில் அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். கூடவே அது ஏன் தாமதம் என்று நாலு வரி. குடும்பக் காரணம் என்று எழுதினேன். போன வாரம் பதில் வந்தது, இதனுடன் வைத்திருக்கிறேன். வால் நட்சத்திரத்தின் பாதையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், நவம்பர் 1-இலும் 3-இலும் நீ சொன்ன இடத்துக்கு அரை பாகைக்குள் அது வருகிறதாம். வைத்த பெயர் மாறாது. ஆனால் இதற்கு முன் யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை, முதலில் பார்த்தவர் திருவண்ணாமலை திரௌபதி என்று கோப்பில் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. நான் சேர்க்கவில்லை. நீ எழுதியது எழுதியபடியே போயிற்று.

சித்திரை பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரை கண்ணாடி என் முறை. கண்ணாயிரம் அண்ணன் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காட்பாடி வழியாக வருகிறார். கொடுத்து அனுப்பு.

மணியம்மாள்


திருவண்ணாமலை
16-4-1984

அன்புள்ள மணி,

சித்திரை ஒன்றாம் தேதி கண்ணாடி வந்துவிட்டது. கடிதம் இருக்குமோ என்று சுற்றியிருந்த துணியை இரண்டு முறை உதறிப் பார்த்தேன். ஒரு சீட்டு மட்டும் இருந்தது. முப்பத்தொரு மணி நேரம், ஒன்றும் காணவில்லை என்று உன் கையெழுத்தில்.

காட்பாடியில் கண்ணாயிரம் அவர்களைக் கேட்டேன், மணி ஏதாவது சொன்னாளா என்று. "ஒண்ணும் சொல்லலீங்க. ஏறும்போது இறங்கும்போது ஜாக்கிரதைனு மட்டும் சொன்னாங்க" என்றார். கண்ணாடிக்குச் சொன்னாயா அவருக்குச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.

அமெரிக்கக் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. முன்பு என்றால் ஜோதியம்மாள் மேஜை மேல் கொண்டுபோய் வைத்திருப்பேன். இரண்டு முறை படித்தேன், பெட்டியில் வைத்துவிட்டேன். ஆசைப்பட்டபடி அதில் ஒரு பெயர்தான் இருக்கிறது. படிக்க ஒன்றும் நன்றாக இல்லை.

இனி என் மாதங்களில் வாரம் ஒரு முறை, எந்த நாள் எந்த இடத்தைத் தேடினேன், என்ன பார்த்தேன் என்று உனக்கு எழுதுகிறேன். ஒன்றும் இல்லையென்றாலும் எழுதுகிறேன். நீ பதில் போட வேண்டியதில்லை.

திரௌபதி


பணம்பூர்
8-10-1984

திரௌபதிக்கு,

ஏப்ரலிலிருந்து நீ எழுதிய இருபத்தைந்து கடிதங்களும் வந்தன. எல்லாவற்றிலும் தேதி, நேரம், எந்த ராசி, எவ்வளவு மேகம், ஒன்றும் இல்லை. அப்புறம் உன் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் கட்டில் காலில் தொங்கவிடும் சீட்டு மாதிரி இருக்கிறது.

உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜோதியம்மாள் ரிடையர் ஆனதும் அண்ணன் சொல்லித்தான். அந்த நாற்காலி உனக்கு வருமா வராதா என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம், எனக்குத் தெரியாது. ஜூலையில் மூன்று வாரம் நீ ஒரு நாள்கூடத் தேடவில்லை, மேகம் என்று எழுதியிருக்கிறாய். அந்த மூன்று வாரமும் நீ டைபாய்டில் படுத்திருந்தாயாம். மேகம் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

தீபாவளிக்கு நாங்கள் நாலு பேரும் வருகிறோம். காட்பாடிக்கு அலையாதே, கண்ணாடியை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால், விட்டுப்போனது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. கார்டில் எழுதாதே, இடம் போதாது.

அன்புடன்,
மணி